வீடு மாறியவரின் பழைய வாசல்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, 2025-ஆம் ஆண்டு. திருப்பலி முடித்து நாம் பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, தாழ்வாரத்துப் பெஞ்சியில் ஒரு தாய் காத்திருந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். நம்மைக் கண்டதும் எழுந்தவர், தோத்திரம் சொல்லவும் மறந்து அழத் தொடங்கிவிட்டார்.

“பதினொரு வருசம், சாமி! அந்தக் கம்பெனிக்கு என் மகன் மாடா உழைச்சான். ஒரு சர்ட்டிபிகேட் கேட்டு எழுதினதுக்குக் கடுதாசியைத் திருப்பி அடிச்சிட்டாங்க. பெரிய முதலாளி இருந்திருந்தா இப்படி நடக்குமா?”

அத்தாளை வாங்கிப் பார்த்தோம். துபாயில் இருக்கும் மகன் தன் கைப்பேசித் திரையைப் படமெடுத்து அனுப்ப, அன்னையார் அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் நாலைந்து வரிகள். மகனுக்கு அங்கே ஒரு மேற்பதவி கிடைக்கும் வாய்ப்பு. முன்னர் இங்கே பணியாற்றியதற்குச் சான்று வேண்டும் என்கிறார்களாம். பழைய சம்பளச் சீட்டில் அச்சிட்டிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு இருமுறை எழுதினான். இருமுறையும் சில நிமிடங்களில் மடல் திரும்பிவிட்டது. முதலாளி ஒதுக்கிவிட்டார் என்றே அக்குடும்பம் முடிவு கட்டிவிட்டது.

ஆனால் அவ்வரிகள் சொன்ன செய்தி வேறு. முதலாளி மடலைக் காணவே இல்லை. மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ என்னும் சுழிக்குறி ஒன்று உண்டு அல்லவா? அதற்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர். பின்னால் இருப்பது வீட்டின் பெயர். இந்தப் பின்பாதியைத்தான் டொமைன் என்கிறார்கள். அப்படியொரு வீடே கண்டுபிடிக்க முடியவில்லை என்று தபால் இயந்திரம் கைவிரித்திருந்தது. இதனை அன்னையாருக்கு எடுத்துரைத்தோம். அவர் முழுதும் நம்பினார் என்று சொல்வதற்கில்லை. “கம்பெனி அங்கேயேதானே சாமி இருக்கு? நேத்துக்கூட லாரி நின்னுச்சே” என்றார். நியாயமான கேள்விதான்.

அந்நிறுவனத்தை நாம் அறிவோம். தூத்துக்குடியிலிருந்து நிலாவாரை இலையை வெளிநாடுகளுக்கு அனுப்பும் குடும்பத் தொழில் அது. மலச்சிக்கலுக்கான மருந்துகளில் சேரும் இவ்விலையை மேனாட்டார் இன்றும் ‘தின்னவேலி சென்னா’ என்றே அழைக்கின்றனர். நெல்லைச் சீமையின் பெயர் அவர்கள் மருந்து நூல்களில் நிலைத்துவிட்டது. (மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆயிற்று, உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் இன்னும் மெட்ராஸ்தான். பழைய பெயர்கள் எளிதில் சாவதில்லை.) காலஞ்சென்ற தந்தையார் தம் பெயரிலேயே தொழிலைத் தொடங்கி, அதே பெயரில் டொமைன் ஒன்றும் வாங்கியிருந்தார். மக்கள் தலையெடுத்தபின், 2019-இல் அது பிரைவேட் லிமிடெட் நிறுவனமாயிற்று. புதுப்பெயர், புதுப் பலகை, புது டொமைன்.

அன்று மாலையே இளைய முதலாளியைச் சந்தித்தோம். செய்தியைக் கேட்டு அவர் பதறினார். “ஐயோ, அவரையா? அப்பாவுக்கு வலக்கை மாதிரி இருந்தவராச்சே! ஆனா, சாமி, அந்த முகவரியை விட்டு ஆறு வருசம் ஆச்சு. அதுக்கு இப்ப யாரு எழுதுறாங்க? வருசம் ஆயிரத்துச் சொச்சம் வீணாப் போகுதுன்னு கணக்கர் சொன்னாரு. இந்தத் தடவை கட்டாம விட்டுட்டோம்.”

“யாரும் எழுதவில்லை என்று எப்படித் தெரிந்தது, தம்பி?” என்று வினவினோம்.

“ஒண்ணும் வரலையே, சாமி!”

இந்த ‘ஒன்றும் வரவில்லை’ என்னும் சொல்லைச் சற்று உதறிப் பார்க்க வேண்டும். ஏனெனில், வீடு மாறிய எத்தனையோ நிறுவனங்கள் தடுக்கி விழுவது இந்த இடத்திலேதான்.

2019-இல் டொமைன் மாறியபோது, அவர்கள் பழைய முகவரிக்கு வருவனவெல்லாம் புதிய முகவரிக்குத் தாமே போய்ச் சேரும்படி ஓர் ஏற்பாடு செய்திருந்தனர். பார்வர்டு என்பர். நம் ஊர்த் தபால்காரர், உறைமீதுள்ள பழைய விலாசத்தைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதிய விலாசத்தை எழுதி மறுபடி பையில் போடுவாரே, ஏறத்தாழ அதுதான். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆயின், காகித மடலுக்கு இல்லாத ஒரு தொல்லை மின்மடலுக்கு உண்டு.

மின்மடலில் அனுப்புநர் பெயரை எவரும் எவர் பெயராகவும் எழுதிவிடலாம். தொடக்க நாட்களில் இதைப்பற்றி எவரும் கவலைப்படவில்லை. பொய் மடல்கள் பெருகவே, காவல் ஒன்று தேவையாயிற்று. எஸ்.பி.எஃப். என்னும் முறை 2006-இல் எழுத்தில் வகுக்கப்பட்டது. எங்கள் வீட்டு மடல்களை இன்னின்ன இயந்திரங்களே கொண்டுவரும் என்று ஒவ்வொரு டொமைனும் ஒரு பட்டியலை உலகறிய வைத்துவிடும். மடலைப் பெறுகிற இடம் அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இப்போது காண்க: ஹாம்பர்க் நகரத்து வணிகர் ஒருவர் பழைய முகவரிக்கு எழுதுகிறார். பழைய இயந்திரம் அதைப் பெற்று, புதிய இடத்திற்குத் தள்ளிவிடுகிறது. புதிய இடத்துக் காவலாளி பார்க்கிறான். மடலோ ஹாம்பர்க்கிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. கொண்டுவந்து கொடுப்பதோ அவ்வணிகரின் பட்டியலில் இல்லாத ஏதோ ஓர் இயந்திரம். சந்தேகம் கொண்டு, அதனைக் குப்பைப் பெட்டியில் போட்டுவிடுகிறான். அவன் செய்தது தவறும் அன்று. போதாக்குறைக்கு, பழைய முகவரி பல்லாண்டாக உலகில் உலவியதால், அதற்கு வரும் விளம்பரக் குப்பைக்கும் பஞ்சமில்லை. அத்தனையையும் பழைய இயந்திரம் சுமந்துவந்து கொட்டவே, அவ்வியந்திரத்தின் மீதே புதிய இடத்திற்கு அவநம்பிக்கை ஏற்படுகிறது. பிறகு நல்ல மடலும் அதோடு சேர்ந்து கெடுகிறது.

பெரும்பாலான சேவைகளில் குப்பைப் பெட்டி முப்பது நாளில் தானே காலியாகிவிடும். ஆகவே முதலாளி என்றோ ஒருநாள் திறந்து பார்த்திருந்தாலும் சில விளம்பரங்களைத்தான் கண்டிருப்பார். மடல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவர் கண்ணில்தான் படவில்லை.

இனி, டொமைன் பெயர் என்ன ஆயிற்று? இதனை நம் வாசகர்கள் கவனத்துடன் படிக்க வேண்டுகிறோம். டொமைன் என்பது கிரயப் பத்திரம் எழுதி வாங்கிய மனை அன்று, குத்தகை நிலம். தவணை தவறினால் கைமாறும். ‘டாட் காம்’ வகைப் பெயர்களில், தவணை முடிந்தபின் பதிவாளர் நிறுவனம் 45 நாள் வரை வைத்துக்கொண்டிருக்கலாம். அதன்பின் நீக்கப்பட்டால், மீட்பதற்கென 30 நாள் அவகாசம் உண்டு. அப்போது மீட்புக் கட்டணம் பன்மடங்காகிவிடும். அதுவும் கழிந்தால் 5 நாள் சும்மா கிடக்கும். பிறகு முதலில் கேட்பவருக்கு! சில பதிவாளர்கள் முதல் 45 நாளுக்குள்ளேயே ஏலம் விட்டுவிடுவதும் உண்டு. தவணை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன் ஒன்றும், ஒரு வாரத்திற்கு முன் ஒன்றும், முடிந்த ஐந்து நாளுக்குள் ஒன்றுமாக நினைவூட்டல் மடல்களைப் பதிவாளர் அனுப்பியாக வேண்டும் என்பது விதி. “ஒன்றும் வரவில்லையே” என்றார் முதலாளி மறுபடியும். பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். உரிமையாளரின் தொடர்பு முகவரி என்று அங்கே பதிவாகியிருந்தது எது தெரியுமா? அதே பழைய டொமைனில் இருந்த முகவரி! வீடு ஏலம் போகிறது என்னும் அறிவிப்பை, அந்த வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம்.

நல்லவேளை, மீட்பு அவகாசத்தில் இன்னும் ஒன்பது நாட்கள் எஞ்சியிருந்தன.

ஒன்பது நாளும் கழிந்து வேறொருவர் வாங்கியிருந்தால் என்னவாம்? பெயர்தானே, போனால் போகட்டும் என்று கணக்கர் கேட்டார். அவரைக் குறைசொல்வதற்கில்லை, ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க நினைப்பது கணக்கர் தொழில். அவருக்கு நாம் சொன்ன நிகழ்ச்சிகளை ஈண்டும் கூறுவோம்.

2013-இல் யாஹு நிறுவனம், ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாமல் கிடந்த முகவரிகளை விடுவித்து, கேட்டவர்களுக்கு வழங்கியது. புதிதாகப் பெற்றவர்களின் பெட்டிக்கு, பழைய சொந்தக்காரருக்கு உரிய மடல்கள் வரலாயின. கணக்கு விவரங்களும் தனிப்பட்ட செய்திகளும் அவற்றில் இருந்தன. யாஹு முன்னெச்சரிக்கை எடுத்திருந்தும் இது நேர்ந்தது. பின்னர், ‘இது என் மடல் அன்று’ என்று தெரிவிக்க ஒரு பொத்தானையே வைக்க வேண்டியதாயிற்று. வாங்கியவர்கள் தீயவர்கள் அல்லர், சாதாரண மக்கள். இருந்தும் பிறர் வாழ்க்கை அவர்கள் மேசைமீது வந்து விழுந்தது.

2018-இல் ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தார். வழக்கறிஞர் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தும் பெயர் மாற்றியும் கைவிட்ட டொமைன்கள் சிலவற்றைப் பணம் கட்டித் தம் பெயரில் பதிந்துகொண்டார். எந்தப் பூட்டையும் அவர் உடைக்கவில்லை. வாசலைத் திறந்துவைத்துக் காத்திருந்தார், அவ்வளவே. கட்சிக்காரர்களின் இரகசிய மடல்கள் தாமாக வந்து சேர்ந்தன. அதைவிடக் கொடியது, பழைய முகவரிகளைக் கொண்டு திறக்கப்பட்டிருந்த பிற கணக்குகளையும் கைப்பற்ற முடியும் என்று அவர் எடுத்துக்காட்டியதுதான். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று எவரேனும் கேட்டால், புதுப்பிக்கும் இணைப்பு எங்கே செல்கிறது? மின்னஞ்சலுக்கன்றோ? அம்முகவரி யார் கையில் இருக்கிறதோ, சாவி அவர் கையில்.

நம் நிலாவாரை வணிகருக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். ஹாம்பர்க்கில் இருபதாண்டுப் பழக்கமுள்ள வாடிக்கையாளர். அவருக்குப் பழைய முகவரியிலிருந்தே, தந்தையார் பெயராலேயே, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, முன்பணத்தை இங்கே அனுப்புக” என்று ஒரு மடல் சென்றால் அவர் ஏன் ஐயுறப் போகிறார்? பணம் போய்விடும், அதோடு இருபதாண்டு நம்பிக்கையும் போய்விடும். கணக்கர் அதற்கு மேல் பேசவில்லை. அன்றிரவே மீட்புக் கட்டணம் கட்டப்பட்டது. எவ்வளவு என்று கேட்டோம், முதலாளி சொல்லவில்லை.

பெயர் திரும்பிவந்ததும், இன்னொன்றும் தெரிய வந்தது. பழைய டொமைன் தவணை தவறியதே தவிர, மடல்களைச் சேமித்த பழைய இயந்திரத்தின் வாடகை முன்கூட்டியே கட்டப்பட்டிருந்தது. அவ்வியந்திரம், தள்ளிவிட்ட ஒவ்வொரு மடலுக்கும் ஒரு நகலைத் தன்னிடமே வைத்திருந்தது! ஆறாண்டு மடல்கள். முதலாளியும் அவருடைய கல்லூரி மாணவியான மகளும் மூன்று இரவுகள் அமர்ந்து சலித்தெடுத்தனர். பதரே மிகுதி. ஆனால் நெல்லும் இருந்தது. ஹாம்பர்க் வணிகரின் இரு விசாரணைகள். காப்பீட்டுத் தவணை அறிவிப்பு. ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணைப் பற்றிய நினைவூட்டல்கள். அவ்வெண்ணின் விவரங்களை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையில் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. தவறினால் எண் செயலிழக்கும். சுங்க முகவர் ஆண்டுதோறும் தொலைபேசியில் நச்சரித்ததால்தான் இவர்கள் பிழைத்திருக்கிறார்கள். இவற்றோடு, கொழும்பிலிருந்து ஒரு முதியவர், தந்தையாரின் பழைய வணிகத் தோழர், ஒவ்வொரு கிறிஸ்து பிறப்புக்கும் எழுதிய வாழ்த்துகள் ஆறு. தந்தையார் 2020-இல் இறந்ததை அவர் அறியார். கடைசி வாழ்த்தில், “நலந்தானே? பதில் காணோமே” என்று ஒரு வரி கூடுதலாக இருந்ததாம். இதைச் சொல்லும்போது முதலாளியின் குரல் தழுதழுத்தது.

இனி, முறையாகச் செய்வது எங்ஙனம்?

முதலாவது, தள்ளிவிடும் ஏற்பாட்டைக் கைவிட்டு, பழைய டொமைனையும் புதிய இல்லத்தின் மற்றொரு வாசலாகவே ஆக்கிவிடுவது. டொமைன் அலயஸ் என்பர். கூகுள், மைக்ரோசாப்ட், சோஹோ என எந்த நிறுவனத்தின் அலுவலக அஞ்சல் சேவையிலும் இதற்கு வழி இருக்கிறது. இப்படிச் செய்தால், ஹாம்பர்க் மடல் இடையில் எங்கும் கைமாறாமல் நேரே வந்து சேரும், காவலாளியும் ஐயுறமாட்டான். கூகுளே இதற்கொரு சான்று. வணிகப் பெயர் தகராற்றால் பிரிட்டனில் 2005 முதல் 2010 வரை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ‘ஜிமெயில்’ என்னாமல் ‘கூகுள்மெயில்’ என்று முடியும் முகவரியையே அது வழங்கியது. தகராறு தீர்ந்து பழைய பெயர் திரும்பிற்று. இன்றும் எந்தப் பெயரிட்டு எழுதினாலும் மடல் ஒரே பெட்டியில்தான் விழுகிறது.

அடுத்து, பழைய முகவரிக்கு எழுதுவோர் அனைவர்க்கும் “நாங்கள் முகவரி மாறிவிட்டோம்” என்று இயந்திரமே பதில் எழுதும்படி வைத்துவிடலாமே என்றார் மகள். வைக்கலாம், ஆனால் நமக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மோசடிக்காரன் எழுதினாலும் அது பதில் சொல்லும். புதிய முகவரியைத் தட்டில் வைத்து நீட்டும். பொய்ப் பெயரில் வந்த மடலுக்கு, ஒன்றுமறியா மூன்றாம் மனிதருக்குப் பதில் போகும். எதிர்ப்புறத்திலும் ஒரு தானியங்கி இருந்துவிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று விடிய விடியப் பதில் எழுதிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்கவே 2004-இல் தனி நெறிமுறை எழுத வேண்டி வந்தது. அதனினும், மனிதர் எழுதும் பதிலே மேல். பழைய வாசலில் வந்த ஒவ்வொரு மெய்யான மடலுக்கும் புதிய முகவரியிலிருந்து விடையளித்து, ஒரு வரி சேர்த்தால் போதும். மகள் ஒரு பட்டியல் தயாரித்தாள்: பழைய முகவரிக்கு இன்னும் எழுதுவோர் யார், அவர்களுள் யாருக்குச் சொல்லியாயிற்று என்று. முதல் மாதத்தில் நாற்பத்தொரு பெயர்கள்.

இந்த முகவரி மாற்றக் கவலை, மின்னஞ்சலின் தொட்டில் பருவத்திலேயே இருந்தது என்பதை ஈண்டு குறிப்பிட விரும்புகிறோம். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய அஞ்சல் நெறிமுறையில் இதற்கென்றே இரு விடைகள் உள. 251 என்றால், ‘அவர் இங்கில்லை, நானே அனுப்பிவைக்கிறேன்’ என்று பொருள். 551 என்றால், ‘அவர் இங்கில்லை, இன்ன இடத்தில் முயல்க’ என்று பொருள். எவ்வளவு மரியாதை! நல்ல அயல்வீட்டார் பேசுவதுபோல் இல்லையா? ஆனால் வஞ்சகர் பெருகிய பின் இவ்விடைகள் ஏறக்குறைய வழக்கொழிந்தன. பின்னாளில் அந்நெறிமுறை திருத்தி எழுதப்பட்டபோது, இவ்வாறு இருப்பிடம் சொல்வதில் ஆபத்து உண்டு என்ற எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது.

பழைய முகவரியைக் கொண்டு திறந்த கணக்குகளையெல்லாம் தேடி மாற்றுவதே மிகுந்த உழைப்பைக் கோரும் பணி. வங்கி, ஜி.எஸ்.டி., வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, அந்நிய வணிக இயக்ககம், தொலைபேசி, மின்வாரியம், துறைமுகம். எவையெவை என்று நினைவிலிருந்து எழுத முயன்றால் பாதி விடுபட்டுவிடும். பழைய பெட்டியில் ஓராண்டு முழுதும் யார் யார் எழுதினர் என்று பார்த்தால் அவை தாமே தலைகாட்டும். ஆண்டுக்கொருமுறை மட்டும் எழுதும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே ஓராண்டுக்குக் குறைவாகப் பார்த்துப் பயனில்லை. எல்லாவற்றிற்கும் முன்பாக, பதிவாளரிடம் உள்ள தொடர்பு முகவரியை மாற்ற வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

இதனிடையே முதலாளி தனியே ஒன்று கேட்டார். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டதிலிருந்தே அது அவர் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று தெரிந்தது. முன்பு மேலாளராக இருந்தவர், மனக்கசப்போடு விலகி, போட்டி நிறுவனமொன்றில் சேர்ந்துவிட்டார். அவர் பெயரில் இருந்த பழைய முகவரிக்கும் மடல்கள் வந்துள்ளன. வாடிக்கையாளர் எழுதியவை சில. ஒன்றோ, மருத்துவப் பரிசோதனைக்கூடம் அனுப்பிய அறிக்கை. “திறந்துட்டேன், சாமி. திறந்த பிறகுதான் என்னன்னு தெரிஞ்சுது. அவருக்கு இது போய்ச் சேரலைன்னா? ஆனா நான் படிச்சேன்னு அவருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு?”

நம் முடிவை அவருக்குச் சொன்னவாறே இங்கும் எழுதுகிறோம். நிறுவனத்தின் பெயரால் நடந்த வாணிபத்தைப் பற்றிய மடல், யார் பெயரிட்டு வந்தாலும், நிறுவனத்துக்குரியது, படித்து விடையளிக்கலாம். அம்மனிதரின் உடல்நலத்தையோ குடும்பத்தையோ பற்றியது, உறை தவறி நம் வீட்டில் விழுந்த கடிதம். ஊழியரைச் சேர்க்கும்போது கையெழுத்து வாங்கிய நிபந்தனைத் தாளில் வேறு விதமாக இருக்கலாம். தனிநபர் மின்னணுத் தரவுகளைக் காக்க 2023-இல் சட்டமும் வந்திருக்கிறது. சட்டத்தை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்க. நாம் சொன்னது: முதல் வரியில் தனிப்பட்டது என்று தெரிந்தவுடன் நிறுத்துவது, அதை அவரிடம் சேர்ப்பது, திறந்ததை மறைக்காமல் சொல்லுவது, பின் நிறுவனத்தில் வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடுவது. அனுப்பியவருக்கும், அன்னார் இங்கில்லை என்று ஒருவரி. விலகிய ஊழியரின் முகவரிகளை நெடுங்காலம் திறந்துவைப்பதும் சரியன்று. சில மாதங்கள் பார்த்து, வாணிபத் தொடர்புகளை மாற்றியபின், அவர் பெயருக்குரிய வழியை அடைத்துவிட்டால், எழுதுபவருக்கு மடல் திரும்பிவிடும். திரும்பிவருவதே அங்கே நேர்மையான விடை. இதே காரணத்தால், எந்தப் பெயரிட்டு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் பொதுவலையை விரிக்க வேண்டாம் என்றும் கூறினோம். குப்பை மலையாகக் குவியும். பிறர் கடிதமும் அதில் அகப்படும்.

அம்மேலாளரை முதலாளி நேரில் சென்று பார்த்தார். என்ன பேசினார்கள் என்பது நமக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அறிக்கை சேர்ந்துவிட்டது.

பழைய டொமைனை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று பலரும் கேட்பர். அமெரிக்கத் தபால் துறை வீடு மாறியவரின் கடிதங்களை ஓராண்டு திருப்பியனுப்புகிறது. அதுபோல் ஓராண்டு போதாதா? போதாது. தபால் துறை ஓராண்டோடு நிறுத்தினால், கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். டொமைனை விட்டால், கடிதம் அந்நியன் கைக்குப் போகக்கூடும். ஆகையால், நிறுவனம் நிலைத்திருக்கும்வரை வைத்திருப்பதே நம் கருத்து. ‘டாட் காம்’ பெயரை ஒரே தடவையில் பத்தாண்டு வரை பதிந்துகொள்ளலாம்.

ஒருநாள் பழைய வாசலில் மடல் வாங்குவதையே நிறுத்த நேர்ந்தாலும், பெயரை விட்டுவிடாமல் கதவை மட்டும் அடைக்க வழியுண்டு. ‘இவ்விடம் மடல் ஏற்பதில்லை’ என்று டொமைனின் குறிப்பேட்டிலேயே அறிவித்துவிடும் முறை 2015-இல் வகுக்கப்பட்டது. எழுதியவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அவ்வாறன்றி, இயந்திரத்தை மட்டும் அணைத்துவிட்டு வாளாவிருந்தால், அனுப்பும் இயந்திரம் நான்கைந்து நாள்வரை விடாது முயன்றுகொண்டேயிருக்கும். எழுதியவரோ மடல் சேர்ந்துவிட்டது என்றே எண்ணியிருப்பார். அதோடு, அப்பெயரில் இனி எந்த மடலும் புறப்படாது என்றும் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், பொய்யர் அப்பெயரைச் சூட்டிக்கொண்டு எழுதுவதையும் பெருமளவு தடுக்கலாம். இவை கால்மணி நேர வேலை. தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்க.

சான்றிதழ் புதிய தாளில், ‘முன்னாளில் இன்ன பெயரில் இயங்கிய நிறுவனம்’ என்ற குறிப்போடு எழுதப்பட்டு, துபாய்க்குச் சென்றது. முதலாளி தம் கையால் ஒரு மன்னிப்பு வரியையும் சேர்த்திருந்தார். அன்னையார் ஞாயிறன்று நம்மைக் கண்டு, “சாமி, நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்” என்றார். கொழும்பு முதியவருக்கு முதலாளி தொலைபேசியில் பேசினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம். பழைய டொமைன் பத்தாண்டுக்குப் பதியப்பட்டு, தொடர்பு முகவரியாக மகளின் சொந்த முகவரியும், அவளுடைய கைப்பேசி எண்ணும் கொடுக்கப்பட்டன.

சென்ற வாரம் அவளைச் சந்தித்தோம். நாற்பத்தொரு பெயரில் முப்பத்தாறு அடிபட்டுவிட்டன என்றாள். துபாயிலிருந்து அந்த அண்ணன் நன்றி தெரிவித்து எழுதியிருக்கிறாராம், மேற்பதவி கிடைத்துவிட்டதாம். மடல் எந்த முகவரிக்கு வந்தது என்று கேட்டோம்.

“பழைய முகவரிக்குத்தான், சாமி. அவர் போன்ல அதுதான் முதல்ல வருதாம்” என்று சிரித்தாள்.